அடைப்புக்குறிக்குள் யாசின்

நெய்வேலி நகரியத்தின் கடைசி வட்டத்தில், இரண்டு பழைய குவார்ட்டர்ஸை எதிரும் புதிருமாக எடுத்துக்கொண்டு, ஒருங்கிணைந்த அடையாள வாரியம் என்ற பெயரில் ஓர் அலுவலகம் நடக்கிறது. அது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. சுரங்கத்தில் கேட்டால் நகரியத்தைக் காட்டுவார்கள். நகரியத்தில் கேட்டால் கடலூரைக் காட்டுவார்கள். கடலூரில் கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். ஆனால் அந்த வாரியத்தின் முத்திரை விழாமல் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும் சுரங்க வாசலைத் தாண்ட முடியாது.

யாசின் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற நிலக்கரியை வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடுவது அவருடைய வேலை. வயதில் பாதியை அப்படி வாரியே கழித்தாயிற்று. இந்தத் தடவை பர்மனன்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்திருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வாசலில் முருங்கை வைப்பதா, கொய்யா வைப்பதா என்று அவருடைய மனைவி ஜான் பீவி தினமும் யோசித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் பெயர் நிற்க ஒரே ஒரு நிபந்தனைதான்: கேட் பாஸ் நடப்பில் இருக்க வேண்டும், வேலையில் இடைவெளி விழக்கூடாது. யாசினின் பாஸ் அந்த மாதத்தோடு முடிந்தது.

வாரியத்தின் முதல் கவுன்ட்டரில் உயர்ந்த ரகக் காமிரா ஒன்று இருந்தது. தாடையைத் தூக்கச் சொன்னார்கள், காதைக் காட்டச் சொன்னார்கள், சிரிக்காதீர்கள் என்று அதட்டினார்கள். படம் எடுத்தானதும் அடுத்த கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். அங்கே வளர்மதி என்ற அலுவலர் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க படம் வந்திருக்குங்க," என்றார்.

"நல்லா இருக்கா மேடம்?"

"அது தெரியலைங்க. வந்திருக்கு. அவ்ளோதான் தெரியும்."

யாசினுக்குப் புரியவில்லை. வளர்மதி திரையைத் திருப்பிக் காட்டினார். பெயர்: யாசின். ஊர்: குறிஞ்சிப்பாடி. முகம்: [படம்].

"இதுல நான் எங்க மேடம் இருக்கேன்?"

"அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கீங்க."

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வாரியத்தின் இயக்குநர் குஞ்சிதபாதத்துக்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு மைத்துனர். பொழுது விடிந்தால் பனித்துளி விழுந்த ரோஜாப்பூ படம் ஒன்றை அனுப்பி, காலை வணக்கம் சொல்வது அவருடைய தொழில். ஒரு நாள் இயக்குநர் அந்த ரோஜாவை அலுவலகக் கணினியில் தட்டித் திறந்தார். வைரஸ் புகுந்து, வாரியத்தின் எல்லாக் கணினிகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. விசாரணைக் குழு உட்கார்ந்தது. மைத்துனர் மேல் தவறில்லை என்றது. இயக்குநர் மேல் தவறே இருக்க முடியாது என்றது. தவறு படத்தின் மேல்தான் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து வாரியத்தில் எழுத்தை மட்டும் காட்டுகிற பிரவுசர்தான். படம் வரவேண்டிய இடத்தில் [படம்] என்று வரும்.

அதைத் தொடங்கிவைத்துக் குஞ்சிதபாதம் ஆற்றிய உரையை அச்சடித்து ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒட்டியிருந்தார்கள். யாசின் வரிசையில் நின்றபோதே அதை முழுக்கப் படித்திருந்தார். "படம் மனிதனைக் கலங்க வைக்கும். எழுத்து அப்படியல்ல. எத்தனையோ ஏழைகளின் மனுக்கள் எழுத்தாக நம் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது நம்மை ஏதாவது செய்திருக்கிறதா? ஆகவே எழுத்தே பாதுகாப்பானது." இந்த இடத்தில் பலத்த கைத்தட்டல் என்றும் அச்சடித்திருந்தது.

"இந்தப் பிரவுசர்லயும் படம் பாக்க வழி இருக்குங்க," என்று வளர்மதி குரலைத் தாழ்த்தினார். "நட்சத்திரப் பட்டனை அமுக்கினா படம் ஒரு லிங்க்கா வரும். அதத் தட்டினா தனியாத் திறக்கும்."

"தட்டிடுங்களேன் மேடம்."

வளர்மதி கீபோர்டைத் தூக்கிக் காட்டினார். மேல் வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை இருந்தது. "எல்லாத்துலயும் புடுங்கிட்டாங்க. டைரக்டர் சார் பீரோவுல டப்பால போட்டுப் பூட்டி வெச்சிருக்கு. அதே பட்டன்லதான் எட்டும் இருந்துது. அதனால எட்டு வர்ற எடத்துல ஏழு போட்டுகினு இருக்கோம்."

படம் பார்க்க அனுமதி பெற்ற ஒரே அதிகாரி எதிர்க் கட்டடத்தில் இருந்தார். பெயர் மாடசாமி. பதவி, படப் பார்வையாளர் நிலை ஒன்று. பழைய குவார்ட்டர்ஸின் சமையலறைதான் அவருடைய அறை. ஜன்னலில் கெட்டியான திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று யாசின் தன் எண்ணைச் சொன்னார். உள்ளே பட்டன் தட்டுகிற சத்தம் கேட்டது.

"திறந்தாச்சு," என்றது உள்ளேயிருந்து குரல். மாடசாமியின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "படம் அருமையா இருக்குவே. ஒரு ஆளு இருக்காரு."

"அது நாந்தாங்களே?"

"அத நான் எப்படிச் சொல்லுவேன்? உம்ம நான் பாத்ததே இல்லயே."

"இந்தத் திரைய ஒரு வெரக்கடை ஒதுக்குனீங்கன்னா பாத்துடலாங்க."

"வேலைக்கு உலை வச்சிராதீரும். ஆளைப் பாத்துட்டாப் பார்வை ஒருதலையாப் போயிரும். படம் பாக்குதவன் ஆளைப் பாக்கக் கூடாது, ஆளைப் பாக்குதவன் படம் பாக்கக் கூடாது. அதுக்குத்தானே ரெண்டு கட்டடம்?"

திரைக்கு அடியிலிருந்து ஒரு சான்றிதழ் வெளியே வந்தது. படம் பார்வையிடப்பட்டது, படத்தில் மனிதர் ஒருவர் உள்ளார் என்று அதில் எழுதி, முத்திரை குத்தியிருந்தது. யாசின் அதை எடுத்துக்கொண்டு வளர்மதியிடம் ஓடினார். அவர் வாசித்துவிட்டு, மனிதர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அந்த மனிதர் நீங்கள்தான் என்று எழுதவில்லையே என்றார். மறுபடி மாடசாமி, மறுபடி வளர்மதி என்று யாசின் செருப்புத் தேய நடந்தார். சாயங்காலம் பார்த்தால் வளர்மதியும் மாடசாமியும் ஒரே டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாசின் பக்கத்தில் போய், இப்போதாவது ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினார். மாடசாமி தம்ளரோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார். டீக்கடையில் அலுவலக விஷயம் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை இருப்பதாக வளர்மதி சொன்னார்.

வீட்டில் ஜான் பீவிக்குக் கோபம் வந்தது. "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்த மூஞ்சியத்தானே பாத்துகினு இருக்கேன்! நான் வந்து சொல்றேங்க இது நீங்கதான்னு. அந்தக் காமிராக்காரனுக்குத் தெரிஞ்சதவிட எனக்கு அதிகமாத் தெரியும்."

மறுநாள் கூடவே வந்து சொல்லவும் சொன்னாள். கணவனை அடையாளம் காட்ட மனைவிக்குத் தகுதியில்லை, அவர் பழக்கத்தால் சொல்லக்கூடும் என்று வாரியம் பதில் சொல்லியது.

யாசினைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் முற்றத்தில் நிற்பதைக் கண்டு வாரியமும் சும்மா இருக்கவில்லை. படத்துக்கு அடியில் நாலு வரி எழுதிவைத்தால், பிரவுசரில் [படம்] என்பதற்குப் பதிலாக அந்த வரிகள் தெரியும் என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். உண்மைதான். உலகத்தில் கண் தெரியாதவர்களுக்காக அப்படித்தான் எழுதிவைக்கிறார்கள். கண் தெரிந்தவர்களுக்காக முதல்முதலில் எழுதியது இந்த வாரியம்தான். முக விவரிப்புக் குழு ஒன்று அமைந்தது. அழகு, அவலட்சணம், பாவம் போன்ற சொற்களைப் பயன்படுத்தினால் சிபாரிசுக்கு இடமாகிவிடும் என்று, அனுமதிக்கப்பட்ட சொற்களை மட்டும் குழு வைத்துக்கொண்டது.

குழுவின் முன்னால் யாசின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் எழுதினார். கண்: இரண்டு. காது: இரண்டு. மூக்கு: உள்ளது. நிறம்: மனித நிறம். சிறப்பு அடையாளம்: ஏதுமில்லை.

"சார், இங்க தழும்பு இருக்குங்க," என்று யாசின் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நெற்றிவரை ஏறிய தழும்பு அது. பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தைகூட அதைத்தான் முதலில் பார்க்கும். "பெல்ட் ரோலர் தெறிச்சு அடிச்சதுங்க. கண்ணு தப்பிச்சதே பெரிசு."

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "அதை எழுதினா எந்த வேலைல பட்டதுன்னு கேப்பாங்க. வேலைலன்னு எழுதினா யாரு பொறுப்புன்னு கேப்பாங்க. அப்புறம் அது விபத்து ஆயிடும். விபத்து எங்க குழுவுல வராது."

"நெத்தியில இருக்குதேங்க."

"இருக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

ஒரு வாரத்துக்குள் எல்லாத் தொழிலாளிகளின் முகமும், வாரியத்தாருடைய முகமும் எழுதி முடிந்தது. கணினியில் ஏற்றியதும் அது பெரிய மோசடி ஒன்றைக் கண்டுபிடித்தது. பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் இரண்டு கண், இரண்டு காது, ஒரு மூக்கு. ஒரே ஆள்தான் இத்தனை பெயரிலும் வேலை செய்கிறான் என்று கணினி முடிவு செய்து, எல்லாருடைய பாஸையும் நிறுத்திவைத்தது. இயக்குநர் குஞ்சிதபாதத்தின் முகமும் அதே முகம்தான் என்று சொல்லி, அவருடைய சம்பளத்தையும் சேர்த்து நிறுத்தியபோதுதான் வாரியத்துக்கு அவசரம் வந்தது.

சுரங்கத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வார ஆள் இல்லை. பர்மனன்ட் பட்டியல் எந்த நேரமும் மேலே போய்விடும். யாசின் பொறுக்க மாட்டாமல் இயக்குநரின் அறைக்கே போய் நின்றார். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். உள்ளே படங்கள் இல்லை. வெள்ளைத் தாளில் [இயக்குநர் விருது பெறுகிறார்], [இயக்குநர் மரக்கன்று நடுகிறார்], [இயக்குநர் குடும்பத்துடன்] என்று தட்டச்சு செய்து மாட்டியிருந்தது. விருது பெறுகிற தாளுக்கு மட்டும் மாலை போட்டிருந்தார்கள்.

"சார், என் முகத்த நீங்களாவது ஒரு தடவ பாருங்க சார்," என்றார் யாசின். "நான் யாசின்தான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துடுங்க. பட்டியல் போயிடுச்சின்னா என் பொழப்பே போயிடுங்க."

குஞ்சிதபாதம் மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் உங்க முகத்தைப் பார்த்தா உங்க மேல இரக்கம் வந்தாலும் வந்துடும். இரக்கம் வந்தா நடுநிலை போயிடும். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்ல. அதனாலதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். போங்க, உத்தரவு போட்டாச்சு."

உத்தரவு உண்மையாகவே போட்டிருந்தார். எல்லாருக்கும் நம்பிக்கையின் பேரில் பாஸ் வழங்கப்படும். புகைப்படம் ஒட்டுகிற கட்டத்தில் [படம்] என்று அச்சாகும். இதில் ஆள்மாறாட்டத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் மாற்றி ஒட்டுவதற்கு அதில் படமே இல்லை. இப்படி ஒரு பாதுகாப்பு நாட்டில் வேறெங்கும் கிடையாது என்று அவருக்கு இன்னொரு விருது கிடைத்தது. சுவரில் இன்னொரு தாள் ஏறியது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பாஸ் தொழிலாளி கைக்கு வராது. கட்டாகக் கட்டி காண்ட்ராக்டரிடம் போகும். அவர்தான் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பாஸ் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு யாசின் சந்தோஷமாக மந்தாரக்குப்பத்தில் இருந்த காண்ட்ராக்டர் சிங்காரவேலுவின் ஷெட்டுக்குப் போனார்.

"வா யாசின். நீதான் உள்ள போயிட்டியே," என்றார் சிங்காரவேலு.

"நான் இங்கதான நிக்கறேன்?"

"உன் பாஸ் போயிடுச்சு. காடாம்புலியூர்ப் பையன் ஒருத்தன், சுதாகர்னு. பெல்ட்டு நிக்குமாய்யா உனக்காக? நீ ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிகினு இருந்த. மூட்ட மூட்டயா நெலக்கரி கீழ கெடக்குது. அவங்கிட்ட உன் பாஸக் குடுத்து அனுப்பிட்டேன். கேட்டுல காவக்காரன் பாத்தான், படம்னு போட்டிருந்துச்சு, போடான்னுட்டான். இப்ப நீ விடாம வேலைக்கு வந்துகினு இருக்க, ரெக்கார்டுல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான்யா நீ நன்றி சொல்லணும்."

யாசின் வாரியத்துக்கு ஓடினார். வளர்மதி திரையைப் பார்த்துவிட்டு, யாசின் அப்போது பணியில் இருப்பதாகச் சொன்னார்.

"யாசின் உள்ள இருந்தா நான் யாரு மேடம்?"

வளர்மதியின் கண்ணில் ஒரு கணம் ஏதோ வந்தது. உடனே அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, "அது எங்க கவுன்ட்டர்ல வராதுங்க," என்றார்.

சிங்காரவேலு கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாசின் ஷெட்டுக்குத் திரும்பியதும், பாஸ் கட்டிலிருந்து வேறொன்றை உருவி நீட்டினார். சின்னதுரை என்பவருடையது. முக விவரிப்புக் குழுவுக்கு அலைந்து வெறுத்துப்போய்த் திருப்பூருக்கே பிழைக்கப் போய்விட்ட ஆள். யாசின் அதை வாங்கிக்கொண்டார். வாசலில் காவலர் பாஸைப் பார்த்தார், யாசினின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. போங்க சின்னதுரை."

உள்ளே பெல்ட்டுக்கு அடியில் சுதாகர் வாரிக்கொண்டிருந்தான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. யாசினைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். "அண்ணே, எனக்கு ஒன்னும் தெரியாதுண்ணே. யாசின்னு கூப்ட்டா திரும்புன்னாங்க, திரும்பிகினு இருக்கேன்," என்றான். யாசினுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. மண்வெட்டியை எப்படிப் பிடித்தால் முதுகு போகாது என்று காட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க யாரோ யாசின் என்று கூப்பிட்டபோதெல்லாம் இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

கடைசியில் பர்மனன்ட்டுக்கான நேர்காணல் வந்தது. பட்டியலில் இருக்கிறவரை, அவருடன் வேலை செய்யும் ஒருவர் அடையாளம் காட்ட வேண்டும் என்பது விதி. சிங்காரவேலு, யாசினாகச் சுதாகரை அழைத்து வந்தார். யாசின் பாஸில் இத்தனை நாள் உள்ளே போய் வந்தவன் அவன்தான் என்பது அவர் கணக்கு. அடையாளம் காட்டச் சின்னதுரையாக யாசினையே அழைத்து வந்தார். "வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு. ரெண்டு பேரு பொழப்பும் ஓடும்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

குஞ்சிதபாதம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வளர்மதி கணினியோடு. "நீங்கதானே யாசின்?" என்று குஞ்சிதபாதம் கேட்டார். சுதாகர் காண்ட்ராக்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஆமாங்க சார்," என்றான்.

"சின்னதுரை, இவர்தானே யாசின்?"

யாசினின் தலை ஆடவில்லை. "இல்லைங்க சார். நான்தான் யாசின். ரோலர் அடிச்ச தழும்பு இதோ இருக்குது பாருங்க. என் நெத்தியப் பாருங்க சார்!" என்று கத்தினார்.

குஞ்சிதபாதம் நெற்றியைப் பார்க்கவில்லை. வளர்மதியைப் பார்த்தார். வளர்மதி திரையைப் படித்தார். "யாசின். கண் இரண்டு. காது இரண்டு. மூக்கு உள்ளது. சிறப்பு அடையாளம் ஏதுமில்லை."

"ஏதுமில்லை," என்று குஞ்சிதபாதம் திருப்பிச் சொன்னார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "பார்த்தீங்களா? யாசினுக்குத் தழும்பு கிடையாது. இவருக்கு இருக்குன்னு இவரே சொல்றார். அந்தப் பையன் அப்படி ஒண்ணும் சொல்லலை. படத்தை நம்பியிருந்தா இன்னிக்கு நாம ஏமாந்திருப்போம். எழுத்து நம்மைக் காப்பாத்திடுச்சு."

சக தொழிலாளியின் பெயரை அபகரிக்க முயன்ற குற்றத்துக்காகச் சின்னதுரையின் பாஸைப் பறித்துக்கொண்டார்கள். வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். வாரியத்தின் கணக்குப்படி யாசினுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அவர் அன்றே பர்மனன்ட் ஆகிவிட்டார்.

நாலு நாள் கழித்துக் குறிஞ்சிப்பாடி வீட்டுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. யாசின் வேலையில்லாமல் பாயில் உட்கார்ந்திருந்தார். ஜான் பீவி பிரித்து உரக்கப் படித்தாள். தாளின் உச்சியில் [ரோஜாப்பூ] என்று போட்டிருந்தது. அன்புள்ள யாசின் அவர்களுக்கு, தாங்கள் நிரந்தரத் தொழிலாளராக ஆனதில் வாரியம் மகிழ்கிறது. தங்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்டுள்ளது. மனைவியை அழைத்து வந்து, குடும்பப் படம் எடுத்துக்கொண்டு சாவியைப் பெற்றுக்கொள்ளவும்.

படித்து முடித்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். "நான் எந்த யாசினோடங்க போய் நிக்கறது?" என்று கேட்டாள்.

யாசின் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டார். ஜான் பீவி தாளின் உச்சியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"பூ வேற அனுப்பியிருக்கானுங்க. வாடிடப் போவுது, தண்ணில போட்டு வைங்க," என்று கடிதத்தை அவர் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.